போர்க்காலத்தில் பணம்: பிலிப்பைன்சின் அவசரகால நாணயத்தாள்கள்

மாணவர்களே, பணத்தின் இயல்புகளுள் முதன்மையானது 'பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுதல்' எனக் கற்றிருக்கிறீர்கள். இதனை மனனம் செய்து எழுதுவோர் பலர். உதாரணம் கேட்டால் தடுமாறுவர். இரண்டாம் உலக மகாயுத்தத்திலிருந்து ஓர் உதாரணத்தைப் பார்ப்போம்.

1941 டிசெம்பரில் யப்பானியப் படைகள் பிலிப்பைன்சைத் தாக்கின. 1942 ஜனவரி 2 இல் தலைநகர் மணிலா வீழ்ந்தது. திறைசேரியின் தங்கமும் வெள்ளியும் கொரெகிடோர் தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டிருந்தன. தங்கம் அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றில் அனுப்பப்பட்டது. எஞ்சிய வெள்ளி நாணயங்கள் எதிரியின் கையில் சிக்காதவாறு கடலில் அமிழ்த்தப்பட்டன.

மணிலாவிலிருந்து பணம் வருவது நின்றதும் மாகாணங்களில் சம்பளம் கொடுக்கவும் அரிசி வாங்கவும் வழியில்லாது போயிற்று. எனவே சனாதிபதி மனுவெல் கேசோனின் அனுமதியுடன் நெக்ரோஸ், செபு, இலோயிலோ, பொஹோல் முதலிய இடங்களில் நாணயச் சபைகள் அமைக்கப்பட்டு, உள்ளூரிலேயே பெசோ தாள்கள் அச்சிடப்பட்டன. நல்ல தாள் கிடைக்காதபோது பொதி சுற்றும் தாளும் பாடசாலைக் கொப்பித் தாளும் பயன்பட்டன. 1942 மே மாதத்தில் படைகள் சரணடைந்த பின்னரும் கெரில்லாக்கள் மறைவிடங்களில் அச்சிடுவதைத் தொடர்ந்தனர்.

யப்பானியரும் தமது நாணயத்தாள்களை வெளியிட்டனர். அவை நேர்த்தியாக அச்சிடப்பட்டிருந்தன. ஆனால் பின்னால் தங்க ஒதுக்கம் இல்லை. மக்கள் அவற்றை 'மிக்கி மௌஸ் பணம்' என்று கேலி செய்தனர். கெரில்லாத் தாள்களை வைத்திருப்போர் கடுமையாகத் தண்டிக்கப்பட்டனர், உயிரிழந்தோரும் உளர். அப்படியிருந்தும் மக்கள் அவற்றை ஒளித்து வைத்தது ஏன்? யுத்தம் முடிந்ததும் அரசாங்கம் பெறுமதியைத் திருப்பித் தரும் என்ற நம்பிக்கையே காரணம். யப்பானியத் தாளுக்குப் பின்னால் படைபலம் மட்டுமே இருந்தது. அளவின்றி அச்சிடப்பட்டமையால் 1944 அளவில் சந்தைக்குக் கூடையில் பணம் கொண்டுசெல்ல வேண்டிய நிலை வந்தது.

யுத்தத்தின் பின் யப்பானியத் தாள்கள் பெறுமதியற்றவையாயின. அவசரகாலத் தாள்கள் பதிவு செய்யப்பட்டு ஒரு பகுதி மீட்கப்பட்டது. நம்பி வைத்திருந்த எல்லோருக்கும் முழுப் பெறுமதி கிடைக்கவில்லை என்பதையும் குறிப்பிட வேண்டும்.

கவனிக்க: அவசரகாலத் தாளைக் 'கள்ளநோட்டு' என எழுதிப் புள்ளிகளை இழக்க வேண்டாம். அவை அனுமதியுடன் அச்சிடப்பட்டவை. நமது நாட்டிலும் 1942 இல் சில்லறைக்காகச் சிறிய தாள்கள் வெளியிடப்பட்டன. அவற்றுள் 5 சதத் தாளொன்றை நடுவே இருந்த துளைவரிசை வழியாகக் கிழித்து 2 சதமாகவும் 3 சதமாகவும் பாவிக்கலாம்!

பயிற்சி வினா: நேர்த்தியாக அச்சிடப்பட்ட யப்பானியத் தாளைவிடக் கொப்பித் தாளில் அச்சிடப்பட்ட பணத்தை மக்கள் விரும்பியமைக்கு இரண்டு காரணங்கள் தந்து விளக்குக.