பிணைப்புக் கோணத்தை மனப்பாடம் இல்லாமல் சொல்வது எப்படி?

மீத்தேன் 109.5°, அம்மோனியா 107°, நீர் 104.5°. இந்த மூன்றும் பதினொன்றாம் வகுப்பு படித்த எல்லோருக்கும் அத்துப்படி. நான்காவதாக ஒரு மூலக்கூறைக் கொடுத்தால்தான் விழிப்பார்கள்.

முதலில் மூலக்கூறின் லூயிஸ் அமைப்பை வரையுங்கள். மைய அணுவின் தனித்த இணை எலக்ட்ரான்களை விட்டுவிடாதீர்கள். தவறுகள் பெரும்பாலும் இங்கேதான் நுழைகின்றன.

அடுத்து, மைய அணுவின் சிக்மா பிணைப்புகளையும் தனித்த இணைகளையும் கூட்டுங்கள். இரட்டைப் பிணைப்பானாலும் முப்பிணைப்பானாலும் கணக்கில் ஒன்றுதான். பை பிணைப்பைச் சேர்க்கக் கூடாது. கூட்டுத்தொகை 2 என்றால் எஸ்பி இனக்கலப்பு, 180° (கார்பன் டை ஆக்சைடு). 3 என்றால் எஸ்பி2, 120° (போரான் டிரைபுளூரைடு). 4 என்றால் எஸ்பி3, 109.5° (மீத்தேன்).

இனி திருத்தம். நீரின் ஆக்சிஜனுக்கும் கூட்டுத்தொகை 4 தான். ஆனால் கோணம் 5° குறைகிறது. தனித்த இணையை இழுத்துப் பிடிக்க ஒரே ஓர் அணுக்கருதான் உண்டு. எனவே அது ஆற்றல் குறைந்த எஸ் பங்கை அதிகம் எடுத்துக்கொள்கிறது. பிணைப்புகளுக்கு பி பங்கு கூடுகிறது. தூய பி ஆர்பிட்டால்கள் ஒன்றுக்கொன்று 90°-யில் நிற்பவை. அந்தப் பக்கமாகவே கோணமும் சுருங்குகிறது.

எவ்வளவு என்பதைக் கால்குலேட்டரிலேயே பார்க்கலாம். ஒரே மாதிரியான இரு கலப்பு ஆர்பிட்டால்களில் ஒவ்வொன்றின் எஸ் பங்கு ‘ப’ என்றால், இடைக்கோணத்தின் கொசைன் = ப ÷ (ப − 1). எஸ்பி3-க்கு ப = 0.25, கொசைன் −1/3, கோணம் 109.5°. திருப்பிப் போட்டாலும் இதே சூத்திரம்தான், பங்குக்குப் பதில் கொசைனை இடுங்கள். 104.5°-யின் கொசைன் −0.25. ஆகவே நீரின் ஒவ்வொரு பிணைப்பிலும் எஸ் பங்கு 0.20, இரண்டுக்கும் 0.40. இருப்பது ஒரே எஸ் ஆர்பிட்டால், மிச்சம் 0.60 தனித்த இணைகள் இரண்டுக்கும் ஆளுக்கு 0.30. ‘நீர் எஸ்பி3’ என்று எழுதுவது தோராயம்தான்.

மைய அணு மூன்றாம் வரிசையிலோ அதற்குக் கீழோ இருந்தால் நிதானியுங்கள். ஹைட்ரஜன் சல்பைடின் கோணம் 92°. எஸ் பங்கு 4 சதவீதத்தைக்கூடத் தொடவில்லை. அங்கே எஸ்பி3 என்ற பெயருக்கே பொருளில்லை. உண்மையில், ஆற்றல் எங்கே குறைவோ அந்தக் கோணத்தில்தான் மூலக்கூறு நிற்கிறது. இனக்கலப்பு நாம் எழுதும் கணக்கு.

கடைசியாக, தனித்த இணை உள்ள அணுவின் அடுத்த அணுவில் இரட்டைப் பிணைப்பு இருக்கிறதா என்று பாருங்கள். அமைடு நைட்ரஜனுக்கு எண்ணிக்கை 4 வரும். ஆனால் அதன் தனித்த இணை பக்கத்துக் கார்பனைல் தொகுதியின் பை அமைப்போடு சேர்ந்துவிடுவதால் அதை எஸ்பி2 என்றே கொள்ள வேண்டும். கோணம் 120°-யை ஒட்டி இருக்கும். புரதத்தின் பெப்டைடு பிணைப்பு தட்டையாக இருப்பது இதனால்தான். 1931-ல் கலப்பு ஆர்பிட்டால்களைப் பற்றி எழுதிய லைனஸ் பாலிங், 1951-ல் சகாக்களோடு ஆல்பா சுருளை வடிவமைத்தபோது இந்தத் தட்டைத்தன்மையை நிபந்தனையாகவே வைத்துக்கொண்டார். ஆனால் அனிலீனில் இந்தச் சேர்க்கை பாதியிலேயே நிற்கிறது: அதன் நைட்ரஜன் முழுக்கத் தட்டையாவதில்லை, ஹைட்ரஜன்களுக்கு இடையே கோணம் சுமார் 113°.