ஈயக் குண்டும் மெழுகுப் பூச்சும்

மாணவர்களே, 1857 என்றதும் உங்களுக்குச் சிப்பாய்களும் மீரட்டும் நினைவுக்கு வருவது இயற்கையே. தோட்டாவில் பசுக் கொழுப்பும் பன்றிக் கொழுப்பும் தடவியிருப்பதாகப் பரவிய செய்தி அந்தக் கிளர்ச்சியைத் தூண்டிவிட்டது என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆனால் ஒரு கேள்வியை எந்த வரலாற்று வகுப்பிலும் யாரும் கேட்பதில்லை. துப்பாக்கிக் குண்டுக்குக் கொழுப்பு எதற்கு? இதற்கு விடை இயற்பியலில் இருக்கிறது.

புதிய துப்பாக்கி, புதிய சிக்கல்

அதுவரை சிப்பாய்கள் கையாண்ட துப்பாக்கியின் குழாய் உட்புறம் வழவழப்பாக இருந்தது. உருண்டைக் குண்டு குழாயில் தளர்வாக உருண்டோடி வெளியேறும். நூறு கஜத்துக்கு அப்பால் குறி தவறிப்போகும். குழாயின் உட்சுவரில் திருகு போன்ற புரிகளை வெட்டினால், குண்டு பம்பரம்போல் சுழன்று செல்லும். சுழலும் பம்பரம் சாயாமல் நிற்பது போலவே சுழலும் குண்டும் தன் அச்சு மாறாமல் நேராகப் பாயும்.

ஆனால் குண்டு புரிகளை இறுகப் பற்றினால்தான் சுழலும். வாய் வழியாக மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியில், இறுகிய குண்டைக் கம்பியால் குத்தி உள்ளே தள்ளுவது பெரும்பாடு. உள்ளே போகும்போது தளர்வாகவும் வெளியே வரும்போது இறுக்கமாகவும் இருக்கும் குண்டு வேண்டும்! பிரெஞ்சுப் படை அதிகாரி மினியே 1849-இல் இதற்கு வழி கண்டார். அவருடைய குண்டு கூம்பிய முனையுடன், அடியில் குழிவாக இருந்தது. மருந்து வெடித்ததும் வாயுவின் அழுத்தம் குழிக்குள் பாய்ந்து குண்டின் அடிவிளிம்பை விரிக்கும். விளிம்பு புரிகளில் அழுந்தும். 0.577 அங்குலக் குழாய் கொண்ட 1853-ஆம் ஆண்டு என்ஃபீல்டு துப்பாக்கியும் இந்தக் கருத்தையே பின்பற்றியது.

இங்கே ஒரு நிபந்தனை உண்டு. குண்டு மென்மையாக இருக்க வேண்டும். கடினமான உலோகமானால் விளிம்பு விரியாது, குண்டு சுழலாது. ஆகவே தூய காரீயமே தேவைப்பட்டது.

காரீயம் ஏன் மென்மை?

எந்த உலோகமும் அணுக்கள் வரிசை வரிசையாக அடுக்கப்பட்ட படிகங்களால் ஆனது. உலோகம் வளையும்போது அணு அடுக்கு முழுவதும் ஒரே சமயத்தில் நகர்வதில்லை. பெரிய ஜமுக்காளத்தை இழுத்து நகர்த்துவது கடினம். அதன் ஓரத்தில் ஒரு மடிப்பை உண்டாக்கி, மடிப்பை மறு ஓரம் வரை தள்ளிப் பாருங்கள். ஜமுக்காளம் எளிதில் நகர்ந்துவிடும். படிகத்திலும் இத்தகைய 'மடிப்புகள்' உண்டு. அவை ஓடினால் உலோகம் வளையும். அவற்றைத் தடுத்தால் உலோகம் கடினமாகும்.

ஒரு செப்புக் கம்பியைப் பலமுறை வளைத்து நிமிர்த்துங்கள். போகப்போக அது விறைத்துக்கொள்ளும். மடிப்புகள் பெருகி ஒன்றோடொன்று சிக்கிக்கொள்வதே காரணம். பின்னர் அதே கம்பியை இடுக்கியால் பிடித்து, சாராய விளக்கின் சுடரில் சிவக்கக் காய்ச்சி ஆறவிடுங்கள். (ஆசிரியர் உடனிருக்கும்போது மட்டும் செய்க.) கம்பி மீண்டும் மென்மையாகிவிடும்! வெப்பத்தால் அணுக்கள் இடம் மாறி, சிக்கல் இல்லாத புதிய படிகங்கள் தோன்றுகின்றன. பாத்திரம் அடிக்கும் கன்னார் இடையிடையே செம்பைக் காய்ச்சி ஆறவைப்பதும் இதற்குத்தான்.

இதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டும்? தனி வெப்பநிலையில் கணக்கிட்டால், உருகுநிலையின் ஏறத்தாழப் பாதி போதும் என்பது ஒரு நல்ல கைக்கணக்கு. இரும்பு உருகுவது 1811 கெல்வினில். அதில் பாதி சுமார் 905 கெல்வின், அதாவது 630 டிகிரி சென்டிகிரேடு. அந்த நிலையில் இரும்பு மங்கிய செந்நிறமாக இருக்கும். காரீயம் உருகுவது 327 டிகிரியில், அதாவது 600 கெல்வினில். அதில் பாதி 300 கெல்வின். அது எத்தனை டிகிரி? வெறும் 27! நம் வகுப்பறையின் வெப்பநிலை!

ஆகவே மேசைமேல் கிடக்கும் காரீயத் துண்டு, கொல்லன் உலையில் சிவந்து நிற்கும் இரும்பின் நிலையில்தான் இருக்கிறது. எவ்வளவு அடித்தாலும் அது விறைப்பதில்லை; தன்னைத்தானே மென்மையாக்கிக்கொள்கிறது.

கடினமாக்குவதும் மென்மையாக்குவதும்

காரீயத்தைக் கடினமாக்க வேண்டுமானால் அதனுடன் அந்திமனி, வெள்ளீயம் ஆகியவற்றைக் கலப்பார்கள். ஒரு காலத்தில் அச்சுக்கூடங்களை நிறைத்திருந்த எழுத்துகள் இத்தகைய கலவையில் வார்க்கப்பட்டவையே. அந்திமனி உருகுநிலையையும் குறைக்கிறது. நூற்றுக்குச் சுமார் 11 பங்கு அந்திமனி உள்ள கலவை 252 டிகிரியிலேயே உருகிவிடும்.

இதில் ஒரு விந்தை உண்டு. 252 டிகிரியில் திடக் காரீயம் மூன்று சதவீதத்துக்கும் அதிகமான அந்திமனியைக் கரைத்து வைத்திருக்கும். அறை வெப்பநிலையிலோ அரை சதவீதம்கூடக் கரையாது. சூடான வார்ப்பைச் சட்டென்று தண்ணீரில் போட்டால், வெளியேற நேரமின்றி அந்திமனி உள்ளேயே அகப்பட்டுக்கொள்ளும். பிறகு அது நுண்துகள்களாகப் பிரிந்து மடிப்புகளின் பாதையை மறிக்கும், உலோகம் கடினமாகும். அதையே மீண்டும் சூடாக்கி மெதுவாக ஆறவிட்டால் துகள்கள் ஒன்றுசேர்ந்து பருக்கும், தடைகளின் எண்ணிக்கை குறையும், உலோகம் மென்மையாகும்.

ஆனால் இப்படி எவ்வளவு ஆறவைத்தாலும் கலவை தூய காரீயத்தின் மென்மையை அடையாது. அந்திமனி இன்னும் உள்ளேதானே இருக்கிறது! அதை நீக்க, உருகிய காரீயத்தின்மேல் காற்றைச் செலுத்துவார்கள். காரீயத்துக்கு முன்பே அந்திமனியும் வெள்ளீயமும் ஆக்சிஜனுடன் சேர்ந்து கசடாக மிதக்கும். உலோகத் தொழிலில் இதற்கு 'மென்மையாக்கல்' என்றே பெயர்.

கொழுப்பின் வேலை

மென்மையான குண்டுக்கு ஒரு குறை உண்டு. குழாயில் உரசி ஓடும்போது காரீயம் சுவரில் அப்பிக்கொள்ளும். போதாக்குறைக்கு, அக்காலத்துக் கருமருந்து எரிந்தபின் அதன் எடையில் பாதிக்குமேல் திடப்பொருளாக மாறும்; அதில் ஒரு பகுதி கசடாகக் குழாயில் தங்கிவிடும். சில முறை சுட்டதும் அடுத்த குண்டு உள்ளே இறங்காது. குண்டைச் சுற்றிய தாளில் மசகு தடவினால் உராய்வு குறையும், கசடும் இளகும். கொழுப்பு தேவைப்பட்டது இதற்காகத்தான்.

விலங்குக் கொழுப்பு சுமார் 50 டிகிரிக்குள்ளேயே உருகிவிடும். நம் நாட்டுக் கோடையில் அது கசிந்து தாளில் ஊறிவிடும். மேலும் நாளாக ஆகக் கொழுப்பு கெட்டு அமிலம் உண்டாகும். அமிலம் காரீயத்தை அரிக்கும். அப்போது பழைய பூச்சைத் துடைத்துவிட்டு மறுபடியும் பூச வேண்டியதுதான். தேன்மெழுகோ 62 டிகிரிக்குமேல்தான் உருகும், எளிதில் கெடாது. ஆனால் தனித்திருந்தால் விறைப்பானது. சிறிது எண்ணெய் சேர்த்தால் இளகும்.

இப்போது வரலாற்றுக்குத் திரும்புவோம். என்ஃபீல்டு தோட்டாவைப் பல்லால் கடித்துத் திறந்து மருந்தைக் கொட்ட வேண்டும் என்பது பயிற்சி முறை. கொழுப்பு எந்த விலங்கினுடையது என்ற ஐயம் 1857 சனவரியில் எழுந்தது. சிப்பாய்களே தேன்மெழுகும் எண்ணெயும் கொண்டு பூசிக்கொள்ளலாம் என்று அதிகாரிகள் பிறகு அனுமதித்தனர். காலம் கடந்துவிட்டது. ஏப்ரல் 24 அன்று மீரட்டில் 90 குதிரைப்படை வீரர்களில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தனர். அவர்களுக்குக் கொடுக்கப்பட்டவை பழைய வகைத் தோட்டாக்களே என்று வரலாற்றாசிரியர்கள் கூறுகின்றனர். ஆனால் நம்பிக்கை அதற்குள் முறிந்திருந்தது. மே 9 அன்று அவர்களுக்கு விலங்கு பூட்டப்பட்டது. மே 10 அன்று மீரட் பற்றி எரிந்தது. கிளர்ச்சிக்கு வேறு ஆழ்ந்த காரணங்கள் பல உண்டு. எனினும் மசகுக்கு மாற்றுப்பொருள் முதலிலிருந்தே இருந்தது. அதைக் கையாளப்போகும் மனிதரை யாரும் முன்கூட்டிக் கேட்கவில்லை. பொருளின் பண்பை அறிவது விஞ்ஞானத்தின் பாதி. அதைப் பயன்படுத்துவோரின் மனத்தை அறிவது மறுபாதி.

ஓர் எச்சரிக்கை

காரீயம் நஞ்சு. உடலில் சேர்ந்தால் எளிதில் வெளியேறாது. சிறுவர்களின் மூளையையும் நரம்புகளையும் கெடுக்கும். இந்தியாவில் 2000-ஆம் ஆண்டில் பெட்ரோலில் காரீயம் சேர்ப்பது நிறுத்தப்பட்டதும் இதனால்தான். ஆகவே காரீயத்தை வீட்டில் உருக்கிப் பார்க்க வேண்டாம்; தொட நேர்ந்தால் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள்.

அப்படியானால் பாட்டி ரசம் வைக்கும் ஈயச் சொம்பு? அது வெள்ளீயம், காரீயம் அன்று. இரண்டையும் 'ஈயம்' என்ற ஒரே சொல்லால் நாம் குறிப்பதில்தான் ஆபத்து. வெள்ளீயத்தில் விலை மலிவான காரீயத்தைக் கலந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. எனவே சொம்பு வாங்கும்போது தூய வெள்ளீயமா என்று கேட்டு, நம்பகமான கடையில் வாங்கச் சொல்லுங்கள். காரீயத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 11.34 கிராம், வெள்ளீயத்துக்கு 7.3 கிராம். ஆர்க்கிமிடீஸ் தத்துவத்தைப் படித்த உங்களுக்கு, கலப்படத்தைக் கண்டுபிடிக்கும் வழியை நான் சொல்லவும் வேண்டுமோ?