பெருஞ்சாலை அல்லாத பெருவழிகள்

ஊரினின்று ஊருக்குச் செல்லும் வழியைப் பண்டைத் தமிழர் ‘ஆறு’ என்று வழங்கினர். நீர் செல்லும் வழியும் ஆறே. மக்கள் செல்லும் வழியும் ஆறே. நீர் தனக்கேற்ற பள்ளத்தைத் தானே நாடுவதுபோலச் சரக்கும் தனக்கேற்ற வழியைத் தானே நாடும் என்பது, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சாலைப்படம் ஒன்றைச் சில திங்கள்களுக்கு முன் நம் கல்லூரி நூலகத்தில் விரித்து நோக்கியபோது எனக்குப் புலனாயிற்று. தமிழ் பயில்வோனுக்கு அமெரிக்கச் சாலை எதற்கு என்று விடுதி நண்பர் சிலர் நகைத்தனர். என் தந்தையார் லாரி ஓட்டுபவர் என்பதே யான் அவர்கட்கு இறுத்த விடை.

விடுமுறையில் வீடு சென்றபோது அப்படத்தின் படி ஒன்றை அவரிடம் காட்டினேன். தடித்த கோடுகளாகத் தீட்டப்பட்டிருந்த பெருஞ்சாலைகளைச் சிறிது நேரம் நோக்கியிருந்துவிட்டு, “தம்பி, கோடு இருக்கட்டும். சரக்கு எங்கே ஏறுகிறது, எங்கே இறங்குகிறது? அதைச் சொல்” என்றார். அவ்வினாவே இக்கட்டுரைக்கு வித்து.

அந்நாட்டார் ‘இன்டர்ஸ்டேட்’ என்று வழங்கும் மாநிலமிடைப் பெருஞ்சாலைகளின் வரலாற்றை முதற்கண் சுருங்கக் கூறுவல். 1944ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று 40,000 மைல் நீளமுள்ள சாலை வலைக்கு இசைவு தந்தது. 1947 ஆகஸ்டில் அதில் 37,700 மைல் எவ்வெவ்வூர் வழியாகச் செல்லவேண்டும் என்பது வரையறுக்கப்பட்டது. 1956இல் ஐசன்ஹோவர் கையொப்பமிட்ட சட்டத்தால் பணம் கிடைத்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பங்கை நடுவண் அரசே ஏற்றது. குறுக்குச் சாலையும் கைகாட்டி விளக்கும் இல்லாத இப்பெருஞ்சாலைகள் இன்று 48,000 மைலுக்கு மேல் பரந்துள்ளன. இவற்றின் பெருமையை யான் குறைத்துரைக்க வரவில்லை. ஆனால் இவ்வலையின் பெரும்பகுதி 1947இல் வரையப்பட்டது என்பதை மறத்தலாகாது. அன்று பெரிதாயிருந்த ஊர்களையே அக்கோடுகள் இணைத்தன. பின்னர்ப் பெருத்த ஊர்கள் என் செய்யும்?

அவை பழைய சாலைகளையே பற்றிக்கொண்டன. 1926இல் நாடு முழுமைக்கும் ஒரே முறையில் எண்ணிடப்பட்ட சாலைகள் அவை. வடக்குத் தெற்காகச் செல்வனவற்றிற்கு ஒற்றைப்படை எண்ணும், கிழக்கு மேற்காகச் செல்வனவற்றிற்கு இரட்டைப்படை எண்ணும் பெரும்பாலும் உரியன. லாரிகள் இவற்றில் செல்லத் தடையுமில்லை. 1982இல் இயற்றப்பட்ட சட்டம், 80,000 ராத்தல், அஃதாவது ஏறக்குறைய 36 டன் நிறையுள்ள லாரிகளைப் பெருஞ்சாலைகளில் எம்மாநிலமும் தடுத்தலாகாது என விதித்ததோடு, அகன்று நீண்ட லாரிகள் செல்லத்தக்க பழஞ்சாலைகளையும் சேர்த்து ஏறத்தாழ 2,00,000 மைல் கொண்ட வேறொரு வலையை அமைத்தது. படத்தில் தடித்த கோடு பெறாத அச்சாலைகளிலேதான் என் தந்தையாரின் வினாவுக்கு விடை கிடந்தது.

அரிசோனாவிலுள்ள பீனிக்ஸ் நகரையும் நெவாடாவிலுள்ள லாஸ் வேகஸ் நகரையும் காண்க. 1940ஆம் ஆண்டுக் குடிக்கணக்கில் லாஸ் வேகஸில் இருந்தோர் 8,422 பேரே. அத்துணைச் சிற்றூருக்கும் பீனிக்ஸுக்கும் இடையே பெருஞ்சாலை அமைக்க யார் நினைப்பர்? 2020ஆம் ஆண்டுக் கணக்கிலோ லாஸ் வேகஸில் 6,41,903 பேரும், பீனிக்ஸில் 16,08,139 பேரும் இருந்தனர். இவ்விரு நகர்களுக்கிடையே சரக்கைச் சுமப்பது 93ஆம் எண் சாலை. அது பல்லாண்டுகள் கொலராடோ ஆற்றின்மேலுள்ள ஹூவர் அணையின் முடியிலேயே சென்றது. மலையிடுக்கில் வளைந்து வளைந்து இறங்கி, அணையைக் காண வந்தோரின் கூட்டத்தினூடே ஊர்ந்து, மீண்டும் வளைந்து வளைந்து ஏற வேண்டும். 2001 செப்டம்பர் 11ஆம் நாள் நிகழ்ந்த தாக்குதல்களுக்குப் பின், அணைக்குத் தீங்கு நேருமோ என அஞ்சி, லாரிகள் அதன்மேற் செல்வதை அரசு தடுத்துவிட்டது. அவை தெற்கே லாஃப்லின் வழியாகச் சுற்றிச் செல்லலாயின. 2010 அக்டோபரில் ஆற்றுக்குமேல் ஏறக்குறைய 890 அடி உயரத்தில் புதுப்பாலம் திறக்கப்பட்ட பின்னரே லாரிகட்கு நேர்வழி மீண்டது. ஒன்பது ஆண்டுகள் இரு பெருநகர்களின் வணிகம் சுற்றுவழியிற் சென்றது. பெருஞ்சாலைப் படத்தில் அதற்கு ஓர் அடையாளமும் இல்லை. அங்கே கோடே இல்லையன்றோ? 2018இல் நெவாடாப் பகுதியில் போல்டர் நகரைச் சுற்றிச் செல்லும் ஒரு துண்டு 11ஆம் எண் பெருஞ்சாலையாகத் திறக்கப்பட்டது. அரிசோனாப் பகுதி 93 என்ற பழைய எண்ணோடே நிற்கின்றது.

இனி யான் மிக விரும்பிக் கற்ற சாலை 287ஆம் எண்ணுடையது. டெக்ஸஸின் போர்ட் ஆர்தர் என்னும் துறைமுகத்தில் தொடங்கி வடமேற்கே மான்டானாவரை செல்வது அது. அதன் நடுப்பகுதியே லாரிகட்கு உயிர். போர்ட் வொர்த்தில் சரக்கேற்றிக் கொலராடோவின் தலைநகராகிய டென்வரில் இறக்கவேண்டிய ஒருவன் பெருஞ்சாலைகளையே நம்பினால், நேர் வடக்கே ஒக்லஹோமா நகர் வழியாகக் கான்சஸ்வரை ஏறிப் பின்னர் மேற்கே திரும்பவேண்டும். 287இல் சென்றாலோ மூலைக்கு மூலை செல்வதுபோல விச்சிட்டா பால்ஸ், சில்ட்ரெஸ், அமரில்லோ, லாமார் என்னும் ஊர்களைக் கடந்து, லைமன் என்னுமிடத்தில் பெருஞ்சாலையை அடையலாம். ஏறக்குறைய நூறு மைல் குறையும். இடையில் ஏறவேண்டிய மலையும் இல்லை, எங்கும் சமவெளி.

நூறு மைல் என்பது லாரியோட்டிக்கு என்ன என்பதையும் அறிதல் வேண்டும். பத்து மணி நேரம் ஓய்ந்த பின் பதினான்கு மணி நேரத்திற்குள் பதினொரு மணி நேரமே ஓட்டலாம் என்பது அந்நாட்டு விதி. முன்னாளில் ஓட்டியவர் தாமே ஏட்டில் எழுதுவர்; ஏடு சில வேளை அவர் சொற்கேட்கும். 2017 டிசம்பர் முதல் பெரும்பாலான லாரிகளில் மின்கருவியே நேரத்தைக் குறிக்கின்றது. அஃது எவர் சொல்லையும் கேளாது. ஆகவே நூறு மைல் சுற்று என்பது இரண்டு மணி நேரம் மட்டுமன்று. அன்றே சரக்கிறக்குவதா, ஊர் எல்லையில் இடந்தேடி நின்று வண்டியிலேயே உறங்குவதா என்பதை முடிவுசெய்வதும் அதுவே. இதனைப் படித்துக் காட்டியபோது என் தந்தையார் ஒன்றும் கூறவில்லை. தலையை மட்டும் அசைத்தார்.

ஆயினும் இச்சாலைக்கு மற்றொரு பக்கமும் உண்டு. பெருஞ்சாலை ஊரை விலக்கிச் செல்லும்; பழஞ்சாலை ஊரின் நெஞ்சினூடே செல்லும். ஒக்லஹோமாவின் மேற்குக் கோடியிலுள்ள பாய்ஸி சிட்டி என்னும் சிற்றூரில் பல எண் சாலைகள் வந்து கூடுகின்றன. அவை கூடுமிடம் ஊர் நடுவேயுள்ள நீதிமன்றச் சதுக்கம். நெடுங்காலம் டென்வருக்குச் செல்லும் லாரிகளெல்லாம் தேரோடும் வீதியிற் சுற்றுவனபோல அந்நீதிமன்றத்தைச் சுற்றியே சென்றன. (1943 ஜூலையில் இரவுப் பயிற்சிக்குப் புறப்பட்ட அமெரிக்க விமானம் ஒன்று அச்சதுக்கத்தின் விளக்குகளைத் தன் இலக்கென மயங்கிப் பயிற்சிக் குண்டுகளை இவ்வூர்மேலேயே வீசிற்று. உயிர்ச்சேதம் இல்லை. சாலைக்கும் இதற்கும் தொடர்பில்லையாயினும் சொல்லாமல் விட மனம் வரவில்லை.) இத்தகைய ஊர்களில் லாரி நள்ளிரவிலும் சன்னலை அதிரச் செய்யும், பள்ளிப் பிள்ளைகள் சாலையைக் கடக்க அஞ்சுவர். ஆனால் அதே லாரியின் ஓட்டியே உணவு விடுதியிலும் எண்ணெய்க் கடையிலும் காசு கொடுப்பவன். ஊரைச் சுற்றிப் புறவழி வேண்டும் என்போரும், புறவழி வந்தால் ஊர் பிழைப்பதெங்ஙனம் என்போரும் ஒரே தெருவில் வாழ்கின்றனர். பெருஞ்சாலை விலக்கிச் சென்றதால் வறண்டுபோன ஊர்கள் அந்நாட்டிற் பல. ஆதலின் பின்னவரின் அச்சத்தை வீணென்று யான் தள்ளேன்.

பெருஞ்சாலை அருகிலேயே இருந்தும் லாரிகள் பழஞ்சாலையைக் கைவிடாத இடமும் உண்டு. கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கில் மேற்கோரமாக 5ஆம் எண் பெருஞ்சாலை அமைந்தது. அப்பகுதி 1972இல் முடிந்தது. அது நேரானது, விரைவானது, ஆளரவமற்றது. ஊர்களோ கிழக்கே, 99ஆம் எண் சாலையில் உள்ளன. பேக்கர்ஸ்பீல்டு, துலாரி, பிரெஸ்னோ, மெர்செட், மொடெஸ்டோ, ஸ்டாக்டன் என மாலையிற் கோத்தாற்போல அவை நிற்கும். உலர்திராட்சை பிரெஸ்னோ வட்டாரத்தில், பால் துலாரியில், பாதாம்பருப்பு பள்ளத்தாக்கின் நெடுகிலும். பெருஞ்சாலைக்கு வழிவிட்டு, நாடளாவிய எண்ணை இழந்து வெறும் மாநிலச் சாலையாகத் தாழ்த்தப்பட்டும், இதன் சரக்குக் குறையவில்லை. சரக்கு ஏறுமிடம் இங்கேயன்றோ இருக்கின்றது! குளிர்காலத்தில் மழைக்குப்பின் பள்ளத்தாக்கில் தேங்கும் மூடுபனியே இதன் பெரும்பகை. 2007 நவம்பரில் பிரெஸ்னோவின் அருகே அப்பனியில் நூற்றுக்கு மேற்பட்ட வண்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக மோதி இருவர் இறந்தனர்.

இன்னும் வியப்பான இடம் ஒன்று. கொலராடோவில் 70ஆம் எண் பெருஞ்சாலை, ராக்கி மலையை 11,000 அடிக்கு மேலுள்ள ஐசன்ஹோவர் சுரங்கத்தினூடே கடக்கின்றது. பெட்ரோல் முதலிய தீப்பற்றும் சரக்கை ஏற்றிய லாரிகள் சுரங்கத்துள் நுழைதல் பொதுவாக விலக்கப்பட்டுளது. அவை 6ஆம் எண் பழஞ்சாலையில் 11,990 அடி உயரமுள்ள லவ்லண்ட் கணவாயை ஏறிக் கடக்கவேண்டும். இலேசான வண்டிகட்கு எளிய வழியும், அபாயமான வண்டிகட்கு அரிய வழியும் வகுத்தது அரசு. சுரங்கத்துள் தீப்பற்றின் பலர் மாள்வர் என்பது உண்மையே, நியாயம் விளங்குகின்றது. ஆயினும் பனி பொழியும் வளைவில் எண்ணெய்த் தொட்டியோடு ஏறும் ஒருவனை நினைக்கும்போது அந்நியாயம் முழுதும் இனிக்கவில்லை.

டெக்ஸஸின் பீகோஸுக்கும் நியூ மெக்ஸிகோவின் கார்ல்ஸ்பாடுக்கும் இடையேயுள்ள 285ஆம் எண் சாலை பற்றி ஒன்றே கூறுவல். அங்கே நிலத்தடி எண்ணெய் பெருவாரியாக எடுக்கப்பட்டபோது மணலும் நீரும் எண்ணெயும் ஏற்றிய லாரிகள் மிக்கு, விபத்துகளும் மிக்கு, ‘மரணச் சாலை’ என்று மக்கள் பெயரிட்டனர்.

இறுதியாக அலாஸ்காவிலுள்ள டால்ட்டன் சாலை. ஆர்க்டிக் கடற்கரையில் எண்ணெய் கண்டபின், அதைக் கொணரும் குழாயை அமைக்கும் பொருட்டு எழுந்தது இது. யூகான் ஆற்றுக்கு வடக்கேயுள்ள ஏறக்குறைய 360 மைல் பகுதியை 1974இல் 154 நாள்களில் முடித்துவிட்டனர். சாலையின் முழுநீளம் 414 மைல், பெரும்பகுதி சரளைக்கல். 1994 வரை அதன் வடபகுதியில் பொதுமக்கள் செல்ல இசைவில்லை. லாரிகளுக்கே உரியதாயிருந்தமையின் ‘சுமைச்சாலை’ என்ற பொருளில் அவ்வூரார் பெயர் வழங்கினர். கோல்டுபுட் என்னும் தங்குமிடத்தை நீங்கினால், வடகோடியிலுள்ள டெட்ஹார்ஸ்வரை ஏறக்குறைய 240 மைல் எண்ணெயுமில்லை, உணவுமில்லை. இடையே அட்டிகன் கணவாய் 4,700 அடிக்கு மேல் உயர்ந்து நிற்கும். ஆதலின் மாற்றுச் சக்கரம் இன்றி அங்கு எவரும் செல்லார். உப்பு விற்ற உமணர், வழியில் அச்சு முறியின் உதவுமென்று வண்டியின் கீழே சேமவச்சுக் கட்டிச் சென்றதைப் புறநானூற்றிற் கற்ற நமக்கு இது புதிதன்று. மேடுபள்ளங்கட்கு லாரியோட்டிகளே பெயரிட்டுள்ளனர். ‘ரோலர் கோஸ்டர்’, ‘ஐஸ் கட்’, ‘பீவர் ஸ்லைடு’ என்பன அவற்றுட் சில. குறுகிய ஏற்றத்தில் எதிர்வருவோர் அறியத் தாம் ஏறுவதை வானொலிக் கருவியிற் கூறிக்கொண்டே ஏறுவர். 2015இல் சாகவனிர்க்டோக் ஆறு பெருகிச் சாலையை அரித்தபோது பல நாள் போக்குவரவு நின்றது. எண்ணெய் வயல்கட்கு அதுவன்றி வேறு தரைவழி இல்லை.

இப்பகுதியை எழுதி முடித்து என் தந்தையாருக்குப் படித்துக் காட்டினேன். பனியைப் பற்றியும் கணவாயைப் பற்றியும் அவர் ஒன்றும் கேட்கவில்லை. “திரும்பி வரும்போது சரக்கு உண்டா?” என்றார். பல லாரிகள் வெறுமையாகவே திரும்புகின்றன. அங்கிருந்து வரவேண்டிய சரக்கு, சாலையின் அருகேயே, 48 அங்குல விட்டமுள்ள குழாயினுள் 1977 முதல் தெற்கே ஓடிக்கொண்டிருக்கின்றது.