கொல்கத்தாவின் மாலைப் பொழுதும் மகளிரும்

சென்ற மார்கழியில் ஒரு சனிக்கிழமை பாக்பஜாரில் உள்ள கிரீஷ் மஞ்ச் அரங்கிற்கு நாடகம் பார்க்கப் போனோம். எங்கள் வகுப்பினர் ஐவர். மாணவர் மூவர், மாணவியர் இருவர். நாடகம் முடிந்து, தெருமுனையில் மண் குவளையில் தேநீர் அருந்தி, பேருந்துக்குக் காத்திருந்து விடுதிக்கு வந்தபோது மணி பத்து இருபது. நாங்கள் தங்கியிருக்கும் மாணவியர் விடுதியின் கதவு பத்து மணிக்கு அடைபடும். காவலர் பதிவேட்டை நீட்டினார். தாமதத்தின் காரணம் என்ற கட்டத்தில் 'நாடகம்' என்று எழுதினேன். முதியவர் அதைப் படித்துவிட்டு, "வேறு ஏதாவது எழுது, மா" என்றார் பரிவோடு. மாணவர் மூவரும் பதினொரு மணிக்குத் தம் விடுதிக்குப் போனார்களாம். அங்கே பதிவேடே இல்லை.

அந்தச் சொல்லில் என்ன குற்றம் என்று எண்ணத் தொடங்கியதன் விளைவே இக்கட்டுரை. நான் பயில்வது இயற்பியல். ஆகவே ஒளியிலிருந்து தொடங்குகிறேன்.

ஞாயிறு மறைந்த பின்னும் ஊர் கூடிக் களிக்க வேண்டுமானால் விளக்கு வேண்டும். அந்நாளில் கல்கத்தா எனப்பட்ட இந்நகரின் தெருக்களில் 1857-ல் எரிவாயு விளக்கு வந்தது. காற்றுப் புகாத கலத்தில் நிலக்கரியைச் சுட்டு, எழும் வாயுவைக் குழாய் வழியே கொண்டு வந்து எரிப்பர். சுடரில் உள்ள நுண்ணிய கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதே அந்த மஞ்சள் வெளிச்சம். ஆற்றலில் மிகச் சிறு பகுதியே ஒளியாகும், எஞ்சியதெல்லாம் வெப்பம். இவ்வூர் ஆவணிப் புழுக்கத்தை அறிந்தவர்கள் அந்நாளைய அரங்கின் உட்புறத்தை ஊகித்துக் கொள்ளலாம். மின்விளக்குக்கு நகரம் 1899 வரையிலும், மின்சார டிராமுக்கு 1902 வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. வங்க மேடையின் முதற்பெருங்காலம் எரிவாயு வெளிச்சத்திலேயே நடந்து முடிந்துவிட்டது.

1872 டிசம்பரில் நேஷனல் தியேட்டர் என்னும் குழு கட்டணம் வாங்கிப் பொதுமக்களுக்கு நாடகம் நடத்தியது. அதுவரை நாடகம் என்பது செல்வர் இல்லங்களில், அழைப்புப் பெற்றவர்கள் மட்டும் கண்டு மகிழ்ந்தது. காசு கொடுத்தவர் எவரும் உள்ளே அமரலாம் என்பது பெரிய மாறுதல் அன்றோ? ஆயினும் பெண் வேடத்தை ஆடவரே பூண்டனர். மறு ஆண்டில் பெங்கால் தியேட்டர் நடிகையரைச் சேர்த்தது. குடும்பப் பெண் மேடையேறுவதை நினைக்கவும் முடியாத காலம். வந்தவர்கள் பரத்தையர் குடியில் பிறந்தவர்கள்.

அவர்களுள் தலைசிறந்தவர் பினோதினி தாசி. நம் நாவில் வினோதினி. வங்காளியர் வகரத்தைப் பகரமாக ஒலிப்பர். 1863-ல் பிறந்து பன்னிரண்டாம் வயதில் மேடையேறினார். நாடக ஆசிரியர் கிரீஷ் சந்திர கோஷ் அவருக்கு ஆசானாக வாய்த்தார். குழுவுக்குச் சொந்த அரங்கு இல்லை. குர்முக் ராய் என்னும் இளம் வணிகர் பணம் தர முன்வந்தார். பினோதினி தமக்கு ஆசைநாயகியாக வேண்டும் என்பது அவர் விதித்த நிபந்தனை. குழுவினர் பினோதினியை மன்றாடி இணங்க வைத்தனர். நாடகத்தையே விட்டுவிட்டால் ஐம்பதாயிரம் ரூபாய் தருவதாகவும் அவ்வணிகர் சொல்லிப் பார்த்தார். பினோதினி பணத்தை மறுத்து அரங்கைக் கேட்டார். அரங்கிற்கு அவர் பெயரையே இடுவதாகக் குழுவினர் வாக்களித்திருந்தனர். 1883-ல் பீடன் தெருவில் அரங்கு எழுந்தது. பதிவு முடித்து வந்தவர்கள் சொன்ன பெயர் 'ஸ்டார்'. இதை அவரே பிற்காலத்தில் எழுதிய தன்வரலாற்றில் கூறுகிறார். அத்தகைய பெண்ணின் பெயர் பலகையில் இருந்தால் கௌரவமானவர்கள் உள்ளே வர மாட்டார்கள் என்று அஞ்சினார்கள் போலும். அவள் நடிப்பைக் காண மட்டும் வருவார்கள்!

1884-ல் அவர் சைதன்யராக வேடம் தாங்கிய 'சைதன்ய லீலை'யைக் கண்டு இராமகிருஷ்ண பரமஹம்சரே அவரை வாழ்த்தினார். இருபத்து மூன்றாம் வயதில் அவர் மேடையைத் துறந்தார். இன்று என் வயதும் அதுவே. நான் இன்னும் ஒரு சோதனையைக்கூட ஒழுங்காக முடித்தபாடில்லை.

ஸ்டார் 1888-ல் ஹாத்திபாகானுக்கு இடம் மாறியது. அந்தக் கட்டடம் 1991-ல் தீக்கிரையாகி, புதுப்பிக்கப்பட்டு 2004-ல் திறக்கப்பட்டது. 2024 டிசம்பரில் அதற்குப் பினோதினியின் பெயரைச் சூட்டினார்கள். வாக்களித்து 141 ஆண்டுகள் சென்ற பின். இதில் ஒரு வேடிக்கை உண்டு: இப்பொழுது அவர் பெயரைத் தாங்கும் கட்டடத்தில் அவர் ஒரு நாளும் நடித்ததில்லை. அது எழுவதற்கு முன்பே அவர் மேடையை விட்டிருந்தார். அவருடைய ஆசானுக்கோ பாக்பஜாரில் எப்பொழுதோ அரங்கு அமைந்துவிட்டது. நாங்கள் தாமதமாகத் திரும்பியது அங்கிருந்துதான்.

நாடு விடுதலை பெற்றபின் மாலைக் களியாட்டின் நடுவிடம் வடக்கிலிருந்து பார்க் தெருவுக்கும் சௌரங்கிக்கும் நகர்ந்தது. மொகாம்போ, டிரிங்காஸ், புளூ ஃபாக்ஸ் முதலிய உணவு விடுதிகளில் ஆங்கிலோ இந்தியரும் கோவாவினரும் ஜாஸ் இசைத்தனர். மொகாம்போவில் பாம் கிரெயின் பாடினார். 1969-ல் டிரிங்காஸில் பாட வந்தவர் நம்மவர். மும்பையில் தமிழ்க் குடும்பத்தில் 1947-ல் பிறந்த உஷா ஐயர். இன்று உஷா உதூப். சென்னை மவுண்ட் ரோட்டில் நைன் ஜெம்ஸ் என்னும் இரவு விடுதியில் பாடத் தொடங்கி இங்கே வந்தவர். காஞ்சிப் பட்டுடுத்தி, பொட்டிட்டு, ஆங்கிலப் பாட்டுப் பாடினார். இரவு விடுதிப் பாடகி என்றால் குட்டைப் பாவாடை என்றிருந்த ஊரில் இது புதுமை. குடும்பத்தோடு வந்து கேட்கலாம் என்ற துணிவு மக்களுக்கு வந்ததில் அந்தச் சேலைக்கும் பங்கு உண்டென்றே நினைக்கிறேன். நமக்குப் பெருமைதான். ஆனால் அந்தக் கவசம் இல்லாதவர்களின் நிலை என்ன?

ஆரதி தாஸ் என்னும் சிறுமி கிழக்கு வங்கத்திலிருந்து அகதியாக வந்த வறிய குடும்பத்தவள். வீட்டு வேலைக்குச் சேர்ந்து, பின்னர் சௌரங்கியில் பிர்போஸ் ஹோட்டலில் காபரே ஆடத் தொடங்கினாள். அப்போது அவளுக்கு வயது பன்னிரண்டோ பதின்மூன்றோ. மேடைப்பெயர் மிஸ் ஷெஃபாலி. வங்காளத்தில் ஷெஃபாலி என்பது நம் பவழமல்லி. இரவில் மலர்ந்து விடியலில் உதிர்வது. பெயரிட்டவர் அறிந்துதான் இட்டாரோ, தெரியவில்லை. சத்யஜித் ரே தம் 'பிரதித்வந்தி' (1970), 'சீமாபத்தா' (1971) ஆகிய படங்களில் அவரை நடிக்க வைத்தார். 2020-ல் அவர் காலமானார். நகரத்தின் கைத்தட்டலை எல்லாம் பெற்றவரை நகரத்தார் தம் வீட்டுக்குள் அழைத்தார்களா என்பது வேறு கேள்வி. எழுபதுகளில் அரசியல் கலவரமும் மின்வெட்டும் கேளிக்கை வரியும் சேர்ந்து பார்க் தெருவின் இசையை ஒடுக்கின. அது தனியாக எழுத வேண்டிய கதை.

2024 ஜூலையில் நான் இந்நகருக்கு வந்தேன். ஆகஸ்டு 9-ஆம் நாள், மருத்துவமனையில் இரவுப் பணியில் இருந்த முதுநிலைப் பயிற்சி மருத்துவர் ஒருவர் கொடுமைக்கு உள்ளாகிக் கொல்லப்பட்டார். 14-ஆம் நாள் நள்ளிரவில், இரவு எங்களுக்கும் உரியது என்று பெண்கள் தெருவுக்கு வந்தனர். நாடகம் பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் அன்று. வெறுமனே தெருவில் நிற்க. எங்கள் விடுதிக் காவலர் அன்று கதவைப் பூட்டவில்லை, பதிவேட்டையும் நீட்டவில்லை. மூன்று நாள் கழித்து மாநில அரசு வெளியிட்ட நெறிமுறையில், பெண்களுக்கு இரவுப் பணியை இயன்றவரை தவிர்க்கலாம் என்று ஒரு வரி இருந்தது. செப்டம்பர் 17 அன்று உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. காப்பது அரசின் கடமை, பெண்ணைத் தடுப்பது அன்று என்றது. அரசும் அவ்வரியை நீக்க இசைந்தது.

எங்கள் கதவு மறுநாள் முதலே பத்து மணிக்கு அடைபடலாயிற்று. நேரத்தை நீட்டிக்கக் கேட்டு முப்பத்தொரு பேர் கையெழுத்திட்டுக் கொடுத்த விண்ணப்பத்துக்கு இன்னும் விடை வரவில்லை. அதுவரை, புதிதாக வந்துள்ள தோழியருக்கு ஒரு செய்தி: ரவீந்திர சதன் மெட்ரோ நிலையத்தருகே அகாதெமி அரங்கில் நாடகங்கள் பெரும்பாலும் மாலை ஆறரைக்குத் தொடங்கும். மெட்ரோவில் திரும்பினால் பத்துக்குள் வந்துவிடலாம். தாமதமானால், காரணக் கட்டத்தில் 'நாடகம்' என்றே எழுதுங்கள். நானும் அதைத்தான் எழுதி வருகிறேன்.