மெய்நிகர் கூடங்களில் புகைப்படம் பார்த்தல்: புத்தளக் கரையிலிருந்து சில பாடங்கள்

மெய்நிகர் உலகம் என்பது, உலகின் வெவ்வேறு மூலைகளில் இருப்பவர்கள் அவதார் எனப்படும் உருவத்தின் வழியாக ஒரே நேரத்தில் நடமாடவும் உரையாடவும் கூடியதாகக் கணினியில் அமைக்கப்பட்ட முப்பரிமாண இடமாகும். அவ்வகை உலகங்களுள் நெடுங்காலம் நிலைத்திருப்பவற்றில் ஒன்று, சான் பிரான்சிஸ்கோவைச் சேர்ந்த லிண்டன் லேப் நிறுவனம் 2003 ஜூன் 23 அன்று பொதுமக்களுக்குத் திறந்த செகண்ட் லைஃப் ஆகும். அங்குள்ள நிலம் 256 மீற்றர் நீளமும் அதே அளவு அகலமும் கொண்ட வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. நிலத்துக்குக் கட்டணம் செலுத்துபவர் அதில் வீடு, கடை, கலைக்கூடம் என எதனையும் தாமே எழுப்பிக்கொள்ளலாம். 2006இல் இவா மத்தேஸ், ஃபிராங்கோ மத்தேஸ் என்னும் கலைஞர் இருவர் அவ்வுலகத்து அவதார்களின் முகங்களைப் படமாக்கிக் கண்காட்சியாக வைத்தனர். 2007இல் ஜெர்மனியின் ட்ரெஸ்டன் நகரத்துப் பழம்பெரும் ஓவியக்கூடம் தன் அறைகளையும் ஏறத்தாழ 750 ஓவியங்களையும் அங்கே அப்படியே நகலெடுத்து அமைத்தது. சீனக் கலைஞர் சாவ் ஃபெய் 2008 முதல் 2011 வரை ஒரு நகரத்தையே அங்கு நடத்தினார். அயல்நாடான மாலைதீவு 2007 மே மாதத்தில், சுவீடனுக்கும் முன்பாகவே, அவ்வுலகில் ஒரு தூதரகத்தைத் திறந்தது என்பதை நினைவிற்கொண்டால், இது இந்து சமுத்திரக் கரைவாசிகளுக்கு எட்டாத பொருள் என்று ஒதுக்குவதற்கு நியாயமில்லை என்பது விளங்கும்.

ஆயினும் அவ்வாறு ஒதுக்குபவர்கள் பலர் உள்ளனர். கற்பிட்டிக் குடாநாட்டிலோ, முந்தலிலோ, உடப்பிலோ இருந்துகொண்டு கணினியில் கண்காட்சி பார்க்கும் ஒருவரிடம், அது விளையாட்டு, அசல் கண்காட்சி அன்று என்று கொழும்பின் கலைவட்டங்களில் கூறப்படுவதுண்டு. புத்தளம் நகரிலிருந்து கொழும்புக்கு ஏறத்தாழ 130 கிலோமீற்றர். கற்பிட்டியிலிருந்து புறப்படுபவருக்கு அதற்கு முன் பாலாவி வரையிலான நீண்ட வீதி வேறு. பஸ்ஸில் போய்த் திரும்பினால் ஒரு நாள் கூலியும் ஒரு நாள் உடல்நலமும் கழிந்துவிடும் என்பதை இவ்வாறு பேசுபவர்கள் கணக்கில் எடுப்பதில்லை. மேலும், இலங்கைப் புகைப்படக் கலையின் முதன்மையானவராக மதிக்கப்படும் லயனல் வெண்ட் 1944இல் காலமான பின்னர் அவருடைய படச்சுருள்கள் அழிக்கப்பட்டுவிட்டமையால், இந்நாட்டவருள் மிகப் பெரும்பாலானோர் அவருடைய படங்களை 1950இல் லண்டனில் வெளிவந்த நூலின் வழியாகவும் அதன் பிரதிகளின் வழியாகவுமே அறிந்துள்ளனர். அச்சுத்தாளில் கண்டவர் வெண்டைக் கண்டவராகக் கொள்ளப்படுவாராயின், திரையில் கண்டவர் மட்டும் எதனையும் காணாதவராகக் கொள்ளப்படுவது நேர்மையான அளவுகோல் ஆகாது. திரையில் காண்பதற்கெனத் தனிப் பயிற்சி ஒன்று தேவைப்படுகிறது என்பதே இங்குக் கூறத்தக்க உண்மையாகும்.

தொடக்கப் படிகளை விரித்துரைக்க வேண்டியதில்லை. கணக்குத் திறப்பது இலவசம். நிறுவனத்தின் சொந்த மென்பொருளையோ, பலரும் விரும்பும் ஃபயர்ஸ்டோர்ம் என்னும் மென்பொருளையோ நிறுவிக்கொண்டு, தேடற்பெட்டியில் கலைக்கூடங்களைத் தேடி, டெலிபோர்ட் எனப்படும் இடப்பெயர்ச்சிப் பொத்தானை அழுத்தினால் வாசலில் சென்று நிற்கலாம். அவதாரின் உடை, சிகை முதலியவற்றில் பணத்தையும் நாட்களையும் செலவிடுவது படம் பார்க்க வருபவருக்கு முற்றிலும் வீண்.

மிகுந்த இழப்பைத் தரும் பிழை வாசலைக் கடந்த பின்னரே நிகழ்கிறது. படம் முழுமையாக வந்து சேர்வதற்கு முன்பே அதனைப் பார்த்துவிட்டதாகக் கருதி அடுத்த படத்துக்கு நகர்ந்துவிடுவதே அது. செகண்ட் லைஃப் உலகில் சுவரிலுள்ள ஒவ்வொரு படமும் டெக்ஸ்சர் எனப்படும் மேற்பரப்புக் கோப்பாக, ஜேபெக் 2000 என்னும் வடிவத்தில் தொலைதூரத்துக் கணினியில் சேமிக்கப்பட்டுள்ளது. அவ்வடிவத்தின் இயல்பு, கோப்பின் முதற்பகுதி வந்தவுடனேயே மங்கலான முழுப்படத்தைக் காட்டிவிட்டு, மீதி வரவர அதனைப் படிப்படியாகக் கூர்மையாக்குவதாகும். விரைவான இணைப்பு உள்ள நாட்டில் இப்படிகள் கண்ணுக்குத் தெரியாமலே கடந்துவிடும். கண்டக்குழியிலோ ஆலங்குடாவிலோ ஓலைக்கூரைக்கு மேல் நிறுத்திய அன்டனாவை நம்பி 4ஜி இணைப்பில் நுழைபவருக்கோ முதலில் சாம்பல் நிறச் சட்டமும், அடுத்து நிறத்திட்டுகளும், அதற்கடுத்து ஏறத்தாழப் படம் போன்ற ஒன்றும் தோன்றி, அந்த மூன்றாம் நிலையிலேயே நெடுநேரம் நின்றுவிடும். ஆபத்தானது அந்த மூன்றாம் நிலையே. சாம்பல் சட்டத்தை யாரும் படமென்று எண்ணுவதில்லை, ஆனால் மூன்றாம் நிலையில் உருவம் தெரிகிறது, நிறம் தெரிகிறது, பொருளும் புரிகிறது, நுண்மை மட்டுமே வந்திருப்பதில்லை. அந்நிலையில் பார்த்துவிட்டு, குவியம் பிழைத்திருக்கிறது என்றும், நிழற்பகுதிகளில் விவரம் இல்லை என்றும், அச்சிடத் தகாத படம் என்றும் கருத்தேட்டில் எழுதிவிட்டுப் போனவர்கள் உண்டு. எழுதப்பட்ட கருத்து கலைஞரின் பெயரோடு அங்கேயே தங்கிவிடுகிறது; எழுதியவரின் இணைப்பு எவ்வளவு மெதுவானது என்பதோ யாருக்கும் தெரியாது. ஒரு கலைஞருக்கு இதைவிடப் பெரிய அநீதியை ஒரு பார்வையாளர் செய்ய முடியாது. பார்வையாளர் தமக்கே செய்துகொள்ளும் இழப்பும் அதற்குக் குறைந்ததன்று, ஏனெனில் அவர் ஒரு கண்காட்சி முழுவதையும் கண்டுவந்ததாக நம்பிக்கொண்டு, உண்மையில் அதன் சாயலை மட்டுமே கண்டு திரும்பியிருக்கிறார்.

இதைத் தவிர்க்கும் வழி அமைப்புகளிலும் பொறுமையிலும் உள்ளது. முதலாவதாக, டிரா டிஸ்டன்ஸ் எனப்படும் பார்வை எல்லையை, அதாவது எத்தனை மீற்றர் தொலைவு வரையுள்ள பொருட்களை மென்பொருள் வரவழைக்க வேண்டும் என்னும் அளவை, 64 மீற்றருக்கோ அதற்கும் குறைவாகவோ இறக்கிவிட வேண்டும். இல்லையெனில் பக்கத்துக் கடையின் பூந்தொட்டியும் எதிர்வீட்டுக் கூரையும் சுவரிலுள்ள படத்தோடு போட்டியிட்டு டேட்டாவைத் தின்னும். அடுத்து, கூடத்தை ஒரு சுற்று நடந்து பார்த்துவிட்டுப் பிறகு நிற்பது என்னும் வழக்கத்தை, அது அசல் கூடங்களில் எவ்வளவு நல்ல வழக்கமாயினும், இங்கே கைவிட வேண்டும். நடந்துகொண்டே இருந்தால் எல்லாப் படங்களும் பாதி வந்து எதுவும் முழுதாக வராது. ஆல்ட் விசையை அழுத்திப் படத்தின்மீது சொடுக்கி இழுத்தால், அவதார் நின்ற இடத்தில் நிற்க, பார்வை மட்டும் படத்தை நோக்கிச் செல்லும். திரையில் பெரிதாகத் தெரியும் பொருளுக்கே மென்பொருள் கூடுதல் நுண்மையைக் கேட்டு வாங்கும் என்பதால், நெருங்குவதே படத்தை வரவழைக்கும் செயலுமாகும். பின்னர் படத்தில் உள்ள ஒரு கூரிய விளிம்பை, ஒரு கம்பியையோ கண் இமையையோ, தெரிந்தெடுத்து அதனையே கவனித்துக் காத்திருக்க வேண்டும். சற்று விலகி மீண்டும் நெருங்கியும் அவ்விளிம்பு மாறாதிருந்தால் படம் வந்துவிட்டது எனக் கொள்ளலாம். அப்போதும் ஐயம் இருப்பின், ஃபயர்ஸ்டோர்மில் வலச்சொடுக்கில் உள்ள டெக்ஸ்சர் புதுப்பிப்புக் கட்டளை அதனை மறுபடி தருவிக்கும். ஒரே அமர்வில் ஒரு கூடத்தின் பாதியைக் கண்டு, மறுநாள் மீதியைக் காண்பதில் குறைவு ஏதுமில்லை. ஒருமுறை வந்த கோப்புகள் கேஷ் எனப்படும் தற்காலிகச் சேமிப்பில் தங்குவதால் மறுநாள் வரவு விரைவாகவும் இருக்கும். ஆனால் மென்பொருளிலிருந்து முறையாக வெளியேறாமல் மின்சாரம் நின்றுவிட்டால் அச்சேமிப்புப் பழுதடையக்கூடும். 900 மெகாவாட் திறனுள்ள நுரைச்சோலை அனல்மின் நிலையம் இம்மாவட்டத்திலேயே இருந்தும், 2022 மார்ச் இறுதியில் நாடு முழுவதும் 13 மணி நேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டபோது இக்கரையும் விலக்குப் பெறவில்லை. எனவே மேசைக்கணினிக்கு யூபிஎஸ் மின்கலம் ஒன்று கட்டாயம்.

இந்த மங்கலுக்கு மருந்தாக விலையுயர்ந்த கிராபிக்ஸ் கார்டு வாங்குமாறு கணினிக் கடைகளில் கூறப்படும் அறிவுரை, இப்பகுதியில் பல குடும்பங்களின் சேமிப்பைக் கரைத்திருக்கிறது. நினைவகம் குறைந்த கார்டில் மென்பொருள் தானாகவே கூர்மையைக் குறைத்துக் காட்டும் என்பது உண்மையே. ஆயினும் பார்வை எல்லையைக் குறைத்து ஒரு படத்தை மட்டும் வரவழைப்பவருக்குச் சாதாரண கார்டே போதும், வராத கோப்பை எந்தக் கார்டும் வரைந்து காட்டாது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் களப்பின் உப்பு ஈரம் கணினிப் பெட்டிக்குள் புகுந்து மின்விசிறியின் தாங்கிகளை அரித்துவிடும் ஊரில், புதிய கார்டுக்குச் செலவிடும் பணத்தை நல்ல அன்டனாவுக்கும் காற்றடைப்புள்ள மேசைக்கும் செலவிடுவதே அறிவு.

அடுத்துக் கருத வேண்டியது ஒளி. செகண்ட் லைஃப் உலகில் இயல்பான ஒரு நாள் நான்கு மணி நேரம் கொண்டது; அதில் மூன்று மணி நேரம் பகல், ஒரு மணி நேரம் இரவு. கூடத்தின் உரிமையாளர் அந்திச் செம்மையையோ நீல இரவையோ நிலையாக வைத்திருக்கவும் கூடும். அவ்வொளி சுவரில் உள்ள படத்தின்மீதும் படிவதால் வெண்மை மஞ்சளாகும், கருமை நீலமாகும். ஃபுல்பிரைட் என்னும் அமைப்பைப் படத்துக்கு இட்டிருந்தால் சூழலின் ஒளி அதனைத் தீண்டாது. கவனமான காப்பாளர்கள் அதனை இடுகின்றனர், இடாதவர்களும் உள்ளனர். கூடத்தின் ஒளியும் கண்காட்சியின் ஒரு பகுதி என்று அறிமுகக் குறிப்பு கூறுமானால் முதலில் அவ்வொளியிலேயே பார்த்தல் கலைஞருக்குச் செய்யும் மரியாதை. அதன் பின்னர், தம் திரைக்கு மட்டும் பொருந்துமாறு சூழல் அமைப்பை நண்பகலுக்கு மாற்றி ஒருமுறை பார்ப்பது நலம். உப்பளத்தில் வெயிலேறும்போது பாத்தியின் வெள்ளையில் எத்தனை வகை வெள்ளை உண்டு என்பதைக் கண்டு பழகிய கண்ணுக்கு இந்த வேறுபாடு உடனே தெரியும். அப்பழக்கம் இக்கரையினருக்கு வாய்த்த பேறு.

படத்தைத் திரை நிறையப் பெரிதாக்கிப் பார்ப்பதும் தவறு. நெடுங்காலம் இவ்வுலகில் ஒரு கோப்பின் உச்ச அளவு 1024க்கு 1024 புள்ளிகளாகவே இருந்தது. அண்மைக் காலத்தில்தான் 2048 வரை இடமளிக்கப்பட்டது. 1920 புள்ளி அகலமுள்ள திரையில் பழைய அளவுப் படம் ஒன்றைப் பாதிக்குச் சற்று மேற்பட்ட அகலத்தில் வைத்துப் பார்க்கும்போதே அதன் உண்மையான நுண்மை கிடைக்கும். அதற்குமேல் இழுத்தால் தெரிவது மென்பொருள் நிரப்பிய மழுப்பல் மட்டுமே. பார்வையைப் படத்துக்கு நேர் எதிரே நிறுத்த வேண்டும் என்பதையும், கன்ட்ரோல் விசையோடு 9ஐ அழுத்தினால் பார்வைக்கோணம் இயல்புக்குத் திரும்பும் என்பதையும், எஸ்கேப் விசை அவதாரிடம் மீட்டுவரும் என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளலாம்.

இக்கூடங்களில் இருவகைப் படங்கள் தொங்குகின்றன. வெளியுலகில் கேமராவால் எடுத்துக் கொண்டுவரப்பட்டவை ஒரு வகை. அம்மெய்நிகர் உலகத்துக்குள்ளேயே அவதார்களையும் நிலக்காட்சிகளையும் திரைப்பிடிப்பாக எடுத்தவை மற்றொரு வகை. பின்னதைப் புகைப்படம் என்று ஏற்க மறுப்பவர்கள் லென்ஸ் இல்லை, வெளிச்சம் இல்லை என்கின்றனர். லென்ஸ் இல்லை என்பது சரி. ஆனால் சூரியனை எந்த உயரத்தில் நிறுத்துவது, மூடுபனியை எவ்வளவு அடர்த்தியாக்குவது, சட்டத்தின் எந்த ஓரத்தில் உருவத்தை வெட்டுவது என ஒவ்வொன்றையும் அக்கலைஞர் தீர்மானித்தே ஆக வேண்டும். தற்செயலாகக் கிடைக்கும் நல்லொளி அவருக்கு இல்லாததால் அவருடைய பொறுப்பு கூடுகிறதேயன்றிக் குறைவதில்லை. ஆகவே இவ்வகைப் படத்தை, அது தற்செயலின்றியும் உயிர்த்திருக்கிறதா என்று கேட்டுப் பார்ப்பதே பொருத்தமான அளவுகோல்.

பிறகு பார்க்கலாம் என்று லேண்ட்மார்க் எனப்படும் இடக்குறிப்பை மட்டும் சேமித்துவைப்பவர்கள் ஏமாறுவர். கண்காட்சிகள் பெரும்பாலும் சில வாரங்களே நீடிக்கின்றன. கட்டணம் நின்றால் கூடமும் நிலத்தோடு மறையும். லிண்டன் லேப் நிறுவனமே வட்டாரங்களை நன்கொடையாக அளித்து 2010இல் தொடங்கிய கலை அறக்கொடை முயற்சி 2019இல் முடிவுக்கு வந்தபோது, அங்கிருந்தவற்றுக்கான இடக்குறிப்புகள் அனைத்தும் வெறுமையாயின. எனவே வாசலிலுள்ள பலகையைத் தொட்டால் கிடைக்கும் நோட்கார்டு, அதாவது கலைஞரின் கூற்றும் படங்களின் பட்டியலும் கொண்ட குறிப்பட்டையை, முதல் வேலையாகப் பெற்றுக்கொள்ள வேண்டும். அது பார்வையாளரின் சேமிப்பில் தங்கிவிடும். படங்களைத் திரைப்பிடிப்பாக எடுப்பதற்குக் கலைஞரிடம் ஒரு வரியில் அனுமதி கேட்பது முறை. அவ்வாறு கேட்ட ஒரு வரியிலிருந்து நீண்ட உரையாடல்கள் தோன்றுவதும் உண்டு.

நேரக் கணக்கும் தெரிந்திருக்க வேண்டும். அறிவிப்புகளில் காணப்படும் நேரம் அமெரிக்காவின் பசிபிக் கரையினுடையது. அங்கு நண்பகல் 12 மணிக்குத் திறக்கும் கண்காட்சி, இலங்கையில் அவர்களுடைய குளிர்காலத்தில் மறுநாள் அதிகாலை 1.30க்கும், கோடைகாலத்தில் நள்ளிரவு கடந்து 12.30க்கும் திறக்கிறது. இரவு நேரத்துக்கெனத் தனி அளவு ஒதுக்கும் டேட்டா பெக்கேஜ் வைத்திருப்பவருக்கு இது சாதகமே. ஆனால் திறப்பு விழாவில் கூடும் அவதார்கள் ஒவ்வொன்றும் உடையும் அணியுமாகப் பெருங்கோப்புகளைச் சுமந்து வருவதால், அந்நேரத்தில் படங்கள் வந்து சேர்வதில்லை. கலைஞரைச் சந்திக்க விரும்பி அவ்விரவில் செல்பவர், பிற அவதார்களை ஒற்றை நிறச் சாயல்களாகக் காட்டும் அமைப்பை முன்கூட்டியே இட்டுக்கொண்டு, வணக்கம் கூறி, பேச்சைக் கேட்டுத் திரும்பிவிட்டு, அமெரிக்கர் உறங்கும் வேளையான மறுநாள் பிற்பகல் இரண்டு மணியளவில், கூடம் வெறுமையாக இருக்கும்போது படங்களைப் பார்ப்பதற்கென்றே தனியாகச் செல்ல வேண்டும்.