நோயின் பெயரைவிட, வேலை செய்ய முடியுமா என்பதை எழுதுங்கள்

கேள்வி: நியூ ஜெர்சியில் ஒரு கிளினிக்கில் டாக்டராக இருக்கிறேன். என்னிடம் வரும் 58 வயதுப் பெண்மணிக்கு நீரிழிவால் கால் நரம்புகள் பழுதாகி, பாதத்தில் ஆறாத புண் இருக்கிறது. நின்று செய்யும் கிடங்கு வேலையை விட்டுவிட்டார். ஊனமுற்றோர் உதவித்தொகை எதுவும் வாங்கவில்லை. வேலை செய்ததற்கு ஆதாரம் தராவிட்டால் ஃபுட் ஸ்டாம்ப் நின்றுவிடும் என்று அவருக்குக் கடிதம் வந்திருக்கிறது. நான் சான்று கொடுக்கலாமா? நோயாளியின் ரகசியத்தை வெளியிட்டதாக ஆகுமா?

பதில்: கொடுக்கலாம் டாக்டர். இந்த வாரமே கொடுங்கள்.

மாதம் 80 மணி நேர வேலையோ பயிற்சியோ காட்டாதவர்களுக்கு மூன்று ஆண்டுகளில் 3 மாதம்தான் ஸ்நாப் (ஃபுட் ஸ்டாம்ப்) உதவி என்பது 1996-லிருந்து உள்ள விதி. முன்பு 54 வயதோடு நின்ற இந்த விதியை, 2025 ஜூலை 4-ல் கையெழுத்தான சட்டம் 64 வரை நீட்டியது. முன்னாள் ராணுவத்தினருக்கும் வீடற்றவர்களுக்கும் இருந்த விலக்கை எடுத்துவிட்டது. ஆனால், உடலாலோ மனத்தாலோ வேலைக்குத் தகுதியற்றவர் என்று மருத்துவச் சான்று பெற்றவருக்கான விலக்கு இன்னும் இருக்கிறது. உங்கள் நோயாளிக்கு அதுதான் வழி.

உதவித்தொகை வாங்காதவர் ஊனமுற்றவர் ஆகமாட்டார் என்று எண்ணிப் பல டாக்டர்கள் சான்று தரத் தயங்குகிறார்கள். அது தவறு. சமூகப் பாதுகாப்புத் துறையின் கடுமையான அளவுகோல் வேறு, இது வேறு. தற்காலிக இயலாமையும் இங்கே போதும். நீங்களேதான் கையெழுத்திட வேண்டும் என்பதும் இல்லை. நர்ஸ், டாக்டர் அலுவலகத்தின் பிரதிநிதி, உளவியலாளர், சமூகப் பணியாளர் ஆகியோரின் சான்றையும் கூட்டாட்சி விதி ஏற்கிறது.

என்ன எழுதுகிறீர்கள் என்பதில்தான் காரியம் இருக்கிறது. "இவருக்கு நீரிழிவு உள்ளது, சிகிச்சை பெறுகிறார்" என்று எழுதினால் பயனில்லை. நீரிழிவோடு வேலைக்குப் போகிறவர்கள் ஏராளம். கோப்பைப் பார்க்கும் அலுவலருக்கு வேண்டிய விடை அதில் கிடையாது. "உடல்நிலை காரணமாக இவர் தற்போது வேலைக்குத் தகுதியற்றவர்" என்று நேராக எழுதுங்கள். எந்தத் தேதியிலிருந்து அப்படி, எவ்வளவு காலம் நீடிக்கும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். ஏற்கெனவே கணக்கில் ஏறிவிட்ட மாதங்களை நீக்கக் கோருவதற்கு அந்தத் தொடக்கத் தேதி உதவும். "இலகுவான வேலை செய்யலாம்" என்று பழக்கத்தில் ஒரு வரி சேர்த்துவிடாதீர்கள். அந்த ஒரு வரியைக் கொண்டே மறுத்துவிடுவார்கள். அவரால் உண்மையிலேயே இலகுவான வேலை செய்ய முடியுமானால், இந்தச் சான்றை எழுதவே கூடாது.

ரகசியம் பற்றிய உங்கள் கவலை நியாயமானது. கடிதத்தை நோயாளியின் கையில் கொடுத்துவிட்டால் ஹிப்பா என்ற மருத்துவ ரகசியச் சட்டத்தின் சிக்கலே எழாது. நீங்களே அலுவலகத்துக்கு அனுப்புவதானால் அவரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். விதி கேட்பது வேலைத் தகுதியை. நோயின் முழு வரலாற்றை அல்ல. படிவம் இருந்தால் அதையே நிரப்புங்கள். நகலை உங்கள் கோப்பிலும் வையுங்கள், ஏனென்றால் கவுன்ட்டி அலுவலகங்களில் காகிதம் காணாமல் போவது உண்டு.

உங்களுடைய மற்ற நோயாளிகளையும் கவனியுங்கள். இயலாத ஒருவரைப் பராமரிப்பவருக்கும், போதை மீட்புச் சிகிச்சைக்கு ஒழுங்காக வருபவருக்கும், கர்ப்பிணிக்கும் விலக்கு உண்டு. 60 வயது நிறைந்தவர்கள் மாதம் 35 டாலருக்கு மேல் கைக்காசு போட்டுச் செய்யும் மருத்துவச் செலவை வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம், அதனால் ஸ்நாப் உதவி கூடலாம். மருந்துக் கடை ரசீது, கண்ணாடி, கிளினிக்குக்கு வந்துபோகும் செலவு எல்லாம் அதில் சேரும். வயதானவர்கள் பலர் இதைக் கேட்பதே இல்லை.

சான்று கொடுத்த பிறகும் அந்தப் பெண்மணியின் உதவியை நிறுத்தினால், 90 நாட்களுக்குள் மேல்விசாரணை கேட்கலாம். நிறுத்தல் அறிவிப்பில் தந்திருக்கும் கெடு முடிவதற்குள் கேட்டால், தீர்ப்பு வரும்வரை உதவி தொடரும். தோற்றால் அந்தத் தொகையைத் திருப்பித் தர வேண்டியிருக்கும் என்பதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். கெடு தவறி உதவி நின்றே போனாலும், உங்கள் சான்றோடு அவர் உடனே மறுபடி விண்ணப்பிக்கலாம். மூன்று ஆண்டு காத்திருக்கத் தேவையில்லை.