முதலில் ஷூ, அப்புறம்தான் கேபிள்

ஹேண்ட் பிரேக்கை இழுக்கிறீர்கள். எட்டு, ஒன்பது, பத்து என்று 'டிக்' சத்தம் போய்க்கொண்டே இருக்கிறது. அப்போதும் சரிவில் வண்டி மெல்ல நகர்கிறது. கால் பிரேக்கும் முன்பைவிட ஆழமாக இறங்குகிறது. பட்டறைக்குப் போனால், "கேபிளை ரெண்டு சுத்து டைட் வெச்சா சரியாயிடும் சார்" என்று பத்தே நிமிடத்தில் அனுப்பிவிடுவார்கள்.

என் பழைய காருக்கு இந்த வைத்தியம் இரண்டு முறை நடந்தது. லிவர் சரியானது, கால் பிரேக் மாறவில்லை. மூன்றாம் முறை பின்சக்கர டிரம்மைக் கழற்றிப் பார்த்தபோதுதான் கோளாறு கண்ணில் பட்டது. இறுகிய கேபிள் ஷூக்களைப் பாதி விரித்தே வைத்திருந்தது. அட்ஜஸ்டர் நகர இடமில்லாமல் துருவேறிக் கிடந்தது.

டிரம்முக்குள் பிறை வடிவில் இரண்டு ஷூக்கள் இருக்கின்றன. பிரேக்கை மிதித்தால் வீல் சிலிண்டர் அவற்றை விரிக்கும். லைனிங் டிரம்மின் உள்சுவரைப் பிடிக்கும். லைனிங் தேயத் தேய இடைவெளி கூடும். அதை ஈடுகட்டத்தான் ஷூக்களுக்கு நடுவே அட்ஜஸ்டர்: சில கார்களில் ஸ்டார் வீல், சிலவற்றில் ராட்செட் பட்டை. ஷூக்கள் முழுதாகச் சுருங்கி மறுபடி விரிந்தால்தான் அது ஒரு பல் முன்னேறும். கேபிள் எப்போதும் இழுத்தபடியே இருந்தால் அந்த அசைவே இருக்காது.

ஸ்பானரைத் தொடுமுன் ஒரு சோதனை. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, இன்ஜினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்து ஆழம் பாருங்கள். பிறகு ஹேண்ட் பிரேக்கை நன்றாக இழுத்துவிட்டு மறுபடி மிதியுங்கள். பெடல் தெளிவாக மேலேயே நின்றால் குற்றவாளி ஷூ இடைவெளிதான். பெடல் பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று இருக்கலாம். அழுத்திப் பிடித்திருக்கும்போதே மெல்லக் கீழே இறங்கினால் மாஸ்டர் சிலிண்டரையோ கசிவையோ சந்தேகிக்க வேண்டும். இவை இரண்டும் அட்ஜஸ்ட்மென்ட்டால் தீராதவை. வண்டியை ஓட்டாமல் மெக்கானிக்கை வரவழையுங்கள்.

ஷூ இடைவெளிதான் என்று தெரிந்தால் வேலையைத் தொடங்கலாம். ஹேண்ட் பிரேக்கை இறக்கித்தான் இதைச் செய்ய வேண்டும் என்பதால், முன்சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுங்கள், கியரிலும் போடுங்கள். வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே இளக்கிவிட்டு, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒரு விரலைக்கூட உள்ளே விடாதீர்கள்.

அடுத்து, கேபிளின் அட்ஜஸ்டிங் நட்டை முழுதாகத் தளர்த்துங்கள். பலரும் தாண்டிப்போவது இதைத்தான்.

இப்போது டிரம். எளிதில் வராது. பல டிரம்களின் முகத்தில் மரையுள்ள இரண்டு ஓட்டைகள் இருக்கும். அவற்றில் பொருந்தும் போல்ட்டுகளை மாறி மாறி முறுக்கினால் டிரம் தானே வெளியே தள்ளும். சுத்தியலால் விளிம்பில் அறைந்தால் வார்ப்பிரும்பு உடையும். சில கார்களில் பேரிங் டிரம்மோடு சேர்ந்தே வரும், நடுவில் பெரிய நட் இருக்கும். அந்த வகையென்றால் பட்டறையில் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்று பாருங்கள். அந்த நட்டுக்குக் குறிப்பிட்ட அளவு முறுக்கு விசை உண்டு.

உள்ளே இருக்கும் கறுப்புத் தூளை வாயால் ஊதாதீர்கள், காற்றும் அடிக்காதீர்கள். பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். லைனிங் எண்ணெய்ப் பிசுக்காக இருந்தால் வீல் சிலிண்டர் கசிகிறது என்று பொருள். அட்ஜஸ்ட் செய்து பயனில்லை, சிலிண்டரையும் இரு பக்க ஷூக்களையும் மாற்ற வேண்டும். டிரம் வெளியே இருக்கும்போது யாரும் பிரேக்கை மிதிக்கக் கூடாது. சிலிண்டர் பிஸ்டன் தெறித்து வந்துவிடும்.

அட்ஜஸ்டரைக் கழற்றித் துருவைத் தேய்த்து, மரையில் வெப்பம் தாங்கும் கிரீஸை மிகக் குறைவாகத் தடவுங்கள். லைனிங்கில் ஒரு துளிகூடப் படக்கூடாது. ஒரு பக்கத்தை முடித்துவிட்டே மறுபக்கத்தைக் கழற்றுங்கள். ஸ்டார் வீல் வகையில் இடமும் வலமும் எதிரெதிர் மரையாக இருப்பது வழக்கம். மாறிப் போனால் பிரேக் தன்னைத்தானே தளர்த்திக்கொண்டே போகும்.

பிறகு அட்ஜஸ்டரை ஒவ்வொரு பல்லாக நீட்டி டிரம்மை மாட்டிப் பாருங்கள். லேசான உரசலோடு வழுக்கிக்கொண்டு உட்கார வேண்டும். கையால் சுற்றினால் மெல்லிய 'ஸ்ஸ்' கேட்கலாம். ஒரு இடத்தில் மட்டும் பிடித்தால் டிரம் வட்டம் தப்பியிருக்கிறது. இறுக்கமாக இருப்பதே நல்லது என்ற நினைப்பு வேண்டாம். ஓயாமல் உரசும் டிரம் சூடேறி விரியும், லைனிங் கருகி வழவழப்பாகும். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது அந்தச் சூட்டில் பெடல் கீழே போவதை உணர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இரு பக்கமும் முடிந்ததும் பிரேக்கை இருபது, முப்பது முறை நிதானமாக மிதியுங்கள். பின்சக்கரம் அருகே ஒருவர் காது கொடுத்தால் அட்ஜஸ்டர் நகரும் 'கிளிக்' கேட்கும். அது நின்றால் ஷூ தன் இடத்துக்கு வந்துவிட்டது. கடைசியில்தான் கேபிள். லிவர் கீழே இருக்கும்போது சக்கரம் தடையின்றிச் சுற்ற வேண்டும், இழுத்தால் இரண்டும் சேர்ந்து பூட்ட வேண்டும். எத்தனை 'டிக்' என்பது காரின் கையேட்டில் இருக்கும். பெரும்பாலும் நான்கிலிருந்து ஒன்பதுக்குள்.

வண்டியை இறக்கி வீல் நட்டுகளை முழுதாக முறுக்குங்கள். நகரும் முன்பே பெடலை அழுத்திப் பாருங்கள். ஆளில்லாத தெருவில் மெதுவாக ஓட்டி நான்கைந்து முறை பிரேக் பிடியுங்கள். பிறகு ஐந்தாறு கிலோமீட்டர் போய்வந்து, பின் ரிம்களின் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் தகித்தால் அந்தப் பக்க அட்ஜஸ்டரை ஒன்றிரண்டு பல் தளர்த்த வேண்டியிருக்கும். ஸ்டாண்டைப் பரணில் போட்டுவிடாதீர்கள்.